ஏழு நாளுக்கு ஒரு தளம்: இந்த வேகத்தை நம்பலாமா?

கேள்வி: நன்மங்கலத்தான்

அனைவருக்கும் வணக்கம். பழைய மகாபலிபுரம் சாலையில், நாவலூருக்குச் சற்றுத் தள்ளி எழும்பிவரும் 22 மாடிக் குடியிருப்பு ஒன்றில் 14ஆம் மாடியில் வீடு பதிவு செய்திருக்கிறேன். அலுவலகத்துக்குப் போகும் வழி என்பதால் வாரத்துக்கு ஐந்து நாள் அந்தக் கட்டடத்தைப் பேருந்திலிருந்து பார்த்துக்கொண்டே போகிறேன். முதல் பதினொரு மாதங்கள் தகர வேலிக்குப் பின்னால் என்ன நடக்கிறது என்றே தெரியவில்லை. பைல் (அடித்தளத்துக்காக மண்ணில் ஆழமாக இறக்கும் தூண்) போடும் இயந்திரத்தின் தலை தெரியும், சேறு ஏற்றிய லாரிகள் வெளியே வரும், அவ்வளவுதான். ஏமாந்துவிட்டோமோ என்று வீட்டில் பேச்சு எழுந்த நேரத்தில் திடீரென்று கட்டடம் தரைக்கு மேலே தலைகாட்டியது. அதன் பிறகு ஏறத்தாழ வாரத்துக்கு ஒரு தளம் ஏறுகிறது. தவணையும் தளக் கணக்கில்தான் என்பதால், வங்கியிலிருந்து பணத்தை விடுவிக்கச் சொல்லும் கடிதமும் அதே வேகத்தில் வந்துகொண்டிருக்கிறது.

என் குழப்பம் இதுதான். 1987இல் நங்கநல்லூரில் அப்பா வீடு கட்டியபோது, மேல்தளம் போட்ட மறுநாளே பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்தினார்கள். 21 நாள் முடியும்வரை சென்ட்ரிங்கை, அதாவது தளத்தைத் தாங்கும் பலகையையும் கம்பையும், தொடக் கூடாது என்று மேஸ்திரி கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். அடியில் நின்ற சவுக்குக் கம்புகளுக்கு நடுவே நாங்கள் ஒளிந்து விளையாடியது இன்னும் நினைவிருக்கிறது. ஒற்றை மாடிக்கு 21 நாள் காத்திருந்த ஊரில், இன்று அதே 21 நாளில் மூன்று தளங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறுகின்றன. சிமெண்ட் மாறிவிட்டதா, விதி மாறிவிட்டதா, அல்லது அவசரத்தில் எதையாவது விட்டுவிடுகிறார்களா? மௌலிவாக்கத்தில் கட்டடம் சரிந்த விபத்து நடந்த ஊர் என்பதால் கேட்கிறேன். துறை அறிந்தவர்கள் விளக்கினால் உதவியாக இருக்கும்.

பதில்: உத்தரம்

கட்டமைப்பு வடிவமைப்பில் 17 ஆண்டுகளாக இருக்கிறேன், அந்த அளவில் சொல்கிறேன்.

கான்கிரீட் இறுகும் விதம் பெரிதாக மாறிவிடவில்லை. முட்டுக் கொடுக்கும் முறைதான் மாறியிருக்கிறது. உங்கள் அப்பா வீட்டில் பலகையும் கம்பும் பிரிக்க முடியாத ஒரே அமைப்பு. பலகையை எடுக்க வேண்டுமானால் கம்பை எடுத்தாக வேண்டும், எனவே கம்பு எடுக்கும் நாள்வரை பலகையும் காத்திருந்தது. நம் நாட்டின் கான்கிரீட் விதிநூலான ஐ.எஸ். 456, 2000ஆம் ஆண்டுப் பதிப்பில், இவ்விரண்டையும் தனித்தனியே நடத்துகிறது. தூண், சுவர் ஆகியவற்றின் பக்கவாட்டு அச்சை (கான்கிரீட்டை வடிவத்தில் பிடித்து நிறுத்தும் பலகையை) 16 முதல் 24 மணி நேரத்தில் கழற்றலாம். தளத்தின் அடிப்பலகையை, உடனே மறுபடி முட்டுக் கொடுப்பதாக இருந்தால், 3 நாளில் எடுக்கலாம். முட்டை அறவே நீக்குவதற்குத்தான் காலம் அதிகம்: தாங்கிகளுக்கு இடையே 4.5 மீட்டருக்கு உட்பட்ட தளம் என்றால் 7 நாள், அதைத் தாண்டினால் 14 நாள், 6 மீட்டரைத் தாண்டிய பீம் என்றால் 21 நாள். மேஸ்திரி அந்தப் பட்டியலின் கடைசி எண்ணை வீடு முழுவதற்கும் பொருத்திவிட்டார். பாதுகாப்பான பக்கம் சாய்ந்த தவறு என்பதால் யாருக்கும் நட்டமில்லை.

நீங்கள் பேருந்திலிருந்து பார்ப்பது பெரும்பாலும் அலுமினிய அச்சு முறையாக இருக்கும். சைட்டில் எல்லோரும் அதை மிவான் என்றே சொல்வார்கள். அதைப் பரவலாக்கிய நிறுவனத்தின் பெயரே முறைக்கும் பெயராகிவிட்டது. அதில் முட்டின் தலை தனித் துண்டாக இருக்கும். இரண்டு மூன்று நாளில் சுற்றியுள்ள தகடுகளைக் கழற்றும்போதுகூட முட்டு அசையாமல் அதே இடத்தில் தளத்தைத் தாங்கி நிற்கும். சதுர மீட்டருக்கு 25 கிலோவுக்குள் எடையுள்ள அந்தத் தகடுகளை, தளத்தில் விட்டுவைத்த சிறு துளைகளின் வழியாகக் கைமாற்றி மேல் தளத்துக்குக் கொடுத்துவிடுவார்கள். கிரேனுக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. சுவரும் தளமும் ஒரே நாளில் ஒன்றாக வார்க்கப்படுவதால், தூணுக்கு ஒரு முறை, பீமுக்கு ஒரு முறை, தளத்துக்கு ஒரு முறை என்று மூன்று தடவை காத்திருந்த காலமும் போய்விட்டது. கோடு குறிப்பது, சுவர்க் கம்பி கட்டுவது, மின்குழாய் பதிப்பது, தகடு பொருத்துவது, தளக் கம்பி கட்டுவது, சரிபார்ப்பது, கான்கிரீட் போடுவது என்று ஏழு நாளுக்கு வேலை நிரவப்பட்டிருக்கும். ஒவ்வொரு தளமும் அச்சு அசலாக ஒரே அமைப்பில் இருந்தால்தான் இந்த ஓட்டம் வரும். உங்களுடைய முதல் பதினொரு மாதங்களுக்கும் விடை அதிலேயே இருக்கிறது. சதுப்பு நிலத்தை ஒட்டிய களிமண்ணில் பைல் இறக்கி, வாகன நிறுத்தத் தளங்களை முடித்து, ஒரே மாதிரியான மாடிகளுக்கு வந்து சேர்வதுதான் மெதுவான பகுதி.

இனி வேகத்தின் உண்மையான எல்லைக்கு வருவோம். 150 மில்லிமீட்டர் கனமுள்ள தளம் சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 375 கிலோ எடை. குடியிருப்புத் தளம் தன் எடைக்கு மேல் தாங்குவதற்காக வடிவமைக்கப்படும் சுமை, மனிதர்களுக்கும் பொருட்களுக்கும் சதுர மீட்டருக்கு 200 கிலோ, தரை ஓடு வகைக்கு இன்னும் நூற்றுச் சொச்சம். அப்படியென்றால், 28 நாள் நிறைந்து முழு வலிமை பெற்ற தளம்கூட, தன் தலைமேல் புதிதாக ஊற்றப்படும் ஈரத் தளத்தைத் தனியாகச் சுமக்க முடியாது. அதற்குக் கீழே இரண்டு அல்லது மூன்று தளங்கள் முட்டுகளால் கோக்கப்பட்டு, சுமையைப் பங்கிட்டுக்கொள்ள வேண்டும். ஆகவே "எத்தனை நாளுக்கு ஒரு தளம்" என்று கேட்பதைவிட, "வார்க்கும் தளத்துக்குக் கீழே எத்தனை தளங்களில் முட்டு நிற்கிறது" என்று கேளுங்கள்.

மௌலிவாக்கத்தைக் குறிப்பிட்டீர்கள். 2014 ஜூன் 28 அன்று 11 மாடிக் கட்டடம் சரிந்து 61 பேர் உயிரிழந்ததும், பக்கத்தில் நின்ற அதன் ஜோடிக் கட்டடம் 2016 நவம்பர் 2 அன்று வெடிவைத்துத் தகர்க்கப்பட்டதும் இந்த ஊரில் யாருக்கும் மறக்காது. ஆனால் அங்கே சுட்டப்பட்டவை கட்டமைப்பு வடிவமைப்பின் குறைகள். வாரத்துக்கு ஒரு தளம் என்ற வேகத்தோடு அதை நேராக முடிச்சுப் போட முடியாது. வேகத்துக்கான பாடம் வேண்டுமானால் அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்தில் 1973 மார்ச் 2 அன்று நடந்ததைப் படியுங்கள். கட்டிக்கொண்டிருந்த உயர்மாடிக் குடியிருப்பில் மேல் தளத்து முட்டுகளை முன்கூட்டியே எடுத்ததால் தளம் தூண்களைச் சுற்றிக் கிழிந்து, கட்டடத்தின் ஒரு பகுதி அடிவரை இறங்கி, 14 தொழிலாளர்கள் இறந்தார்கள்.

பதில்: ஜாக்கி முட்டு

உத்தரம் ஐயா எழுதியது அனைத்தும் சரி. ஆனால் அது வரைபடத்தில் இருக்கும் ஏழு நாள். வேளச்சேரியிலிருந்து சிறுசேரி வரை முப்பது ஆண்டுகள் சைட்டில் நின்றவன் என்ற முறையில், இறங்கிப் பார்க்கும் ஏழு நாளைப் பற்றியும் சொல்ல வேண்டியிருக்கிறது.

முதலாவது, முட்டு என்பது பணம். மூன்று தளத்துக்கு வேண்டிய ஜாக்கியை (திருகி உயரம் மாற்றும் இரும்பு முட்டை) இரண்டு தளத்துக்கு மட்டும் வாங்கிவைத்துக்கொண்டு சமாளிக்கும் இடங்களைப் பார்த்திருக்கிறேன். அதைவிட மோசம், கீழ்த்தளத்தில் ஹாலோ பிளாக் வேலை எடுத்த ஒப்பந்தக்காரர் இடம் போதவில்லை என்று நான்கு முட்டுகளைத் தானாகவே தட்டி எடுப்பது. அவரைக் கேட்டால் "அதுதான் காய்ந்துவிட்டதே" என்பார். அவருக்குக் கான்கிரீட் என்றால் துணி போல, காய்ந்தால் போதும். கான்கிரீட் காய்வதால் வலுப்பெறுவதில்லை, ஈரம் குடித்துத்தான் வலுப்பெறுகிறது என்பதை ஒவ்வொரு புது ஆளுக்கும் முதலிலிருந்து சொல்லிக்கொடுக்க வேண்டும்.

இரண்டாவது, ஐயா சொன்ன 3 நாள், 7 நாள் எல்லாம் சாதாரண போர்ட்லண்ட் சிமெண்டுக்கானவை. அனல்மின் நிலையச் சாம்பல் அல்லது இரும்பாலைக் கசடு கலந்த சிமெண்டு முதல் வாரத்தில் மெதுவாகத்தான் பலம் ஏறும். அதற்கு நீராற்றும் (ஈரமாகவே வைத்திருக்கும்) காலமும் கூடுதல், குறைந்தது 10 நாள். உங்கள் அப்பா பாத்தி கட்டினார். இங்கே மறுநாள் காலை கோடு குறிக்க ஆள் வந்துவிடுவதால் பாத்தி கட்ட வழியே இல்லை. சுவருக்கு ஈரம் வெளியேறாமல் தடுக்கும் மருந்து அடிப்பார்கள், தளத்துக்கு ஈரச் சாக்கு போடுவார்கள். மே மாதத்து வெயிலில் அந்தச் சாக்கு மதியம் இரண்டு மணிக்கு அப்பளம் போல நொறுங்கும். தண்ணீர் ஊற்றுவதற்கென்றே ஓர் ஆளை நிறுத்தியிருக்கிறார்களா என்று பாருங்கள். சைட்டிலேயே குறைந்த கூலி அந்த ஆளுக்குத்தான், முதலில் வேறு வேலைக்கு இழுக்கப்படுவதும் அவர்தான்.

மூன்றாவது, ரெடிமிக்ஸ் லாரி. கலந்ததிலிருந்து இரண்டு மணி நேரத்துக்குள் கொட்டிவிட வேண்டும் என்பது பொது விதி. மாலை ஐந்தரை மணிக்குச் சோழிங்கநல்லூர் சிக்னலில் மாட்டிய லாரி சைட்டுக்கு வரும்போது கலவை இறுகத் தொடங்கியிருக்கும். பம்ப் அடைத்துக்கொள்ளும் என்று பயந்து டிரம்முக்குள் குழாயைத் திறந்துவிடுவார்கள். ஒரு தளத்தை நான்கு நாளில் போட்டாலும் பதினான்கு நாளில் போட்டாலும் அந்தக் கூடுதல் தண்ணீர் செய்யும் கேடு ஒன்றுதான். வேகத்தைப் பார்த்துப் பயப்படும் வாடிக்கையாளர்கள் இந்தக் குழாயைப் பார்த்துப் பயந்தால் எவ்வளவோ நன்றாயிருக்கும்.

மற்றபடி, அந்த ஏழு நாள் ஆண்டு முழுவதும் நிற்காது. ஐப்பசி, கார்த்திகையில் மழை. காற்று வலுத்தால் டவர் கிரேன் நிற்கும். பீகார், ஒடிசா, மேற்கு வங்கத் தம்பிகள் திருவிழாவுக்கும் தேர்தலுக்கும் ஊருக்குப் போவார்கள். என் அனுபவத்தில் ஓராண்டைக் கூட்டி வகுத்தால் பத்து நாளுக்குக் குறைந்ததில்லை. மழைக்காலத்திலும் ஏழு நாள் பிசகாமல் ஒரு கட்டடம் ஏறினால் நான் பெருமைப்பட மாட்டேன், போய் எட்டிப் பார்ப்பேன்.

நன்மங்கலத்தான்

இருவருக்கும் மிக்க நன்றி. 375 கிலோ கணக்கு எனக்கு முற்றிலும் புதிது. இன்னும் ஒரு சந்தேகம்: சீனாவில் 57 மாடியை 19 நாளில் கட்டிய காணொளியை அலுவலக நண்பர்கள் அனுப்பி, "உன் கட்டடம் ஆமை வேகம்" என்று கேலி செய்கிறார்கள். அது எப்படிச் சாத்தியம்? நாம் ஏன் அப்படிச் செய்வதில்லை?

பதில்: உத்தரம்

முதலில், ஜாக்கி முட்டு அவர்களின் சிமெண்டுத் திருத்தத்தை ஏற்கிறேன். நான் குறிப்பிடத் தவறிவிட்டேன்.

சாங்ஷா நகரின் அந்த 57 மாடிக் கட்டடம் 2015இல் எழுந்தது. நாளுக்கு மூன்று மாடி என்ற கணக்கு உண்மைதான். ஆனால் 19 நாள் என்பது பொருத்திய நாள்களின் எண்ணிக்கை. 2,736 பாகங்களைத் தொழிற்சாலையில் செய்துமுடித்த மாதங்கள் அந்தக் காணொளியில் இல்லை. நம் வீட்டுக் கல்யாணத்தில் சமையல் எவ்வளவு நேரம் ஆனது என்று கேட்டால் பந்தி பரிமாறிய நேரத்தை மட்டும் சொல்வது போன்றது அது. தவிர, அது எஃகுச் சட்டகம். எஃகு போல்ட் முடுக்கிய அந்த நிமிடமே முழுச் சுமையைத் தாங்கும். கான்கிரீட்டுக்கு நாள் கொடுக்க வேண்டும். நியூயார்க்கின் எம்பயர் ஸ்டேட் கட்டடம் 1930 மார்ச்சில் தொடங்கி 1931 மே 1 அன்று திறக்கப்பட்டது, 102 மாடி. அதன் சட்டகம் வாரத்துக்கு நாலரை மாடி என்ற வேகத்தில் ஏறியதற்கும் எஃகுதான் காரணம். கான்கிரீட்டிலேயே மூன்று நாளுக்கு ஒரு தளத்தை எட்டியவர்களும் இருக்கிறார்கள்: 1980களில் ஷென்ஜென் நகரின் 53 மாடி வணிக மையம் அப்படித்தான் பெயர் பெற்றது, துபாயின் புர்ஜ் கலீஃபாவும் உச்ச வேகத்தில் அதே அளவை எட்டியது.

நம் ஊரில் முயற்சியே இல்லை என்று சொல்ல முடியாது. பெரும்பாக்கத்தில் 1,152 வீடுகள் முன்வார்ப்புக் கான்கிரீட் முறையில், அதாவது பாகங்களை முன்கூட்டியே வார்த்துக் கொண்டுவந்து இணைக்கும் முறையில், கட்டப்பட்டன. 2021 ஜனவரி 1 அன்று அடிக்கல் நாட்டி, கொரோனா இரண்டாம் அலையையும் தாண்டி, 2022 மே 26 அன்று திறந்தார்கள். ஆனால் அவை தரைத்தளமும் ஐந்து மாடியும் கொண்டவை. உயரம் கூடக் கூட முன்வார்ப்பு முறையில் இணைப்புகளே எல்லாம். 1968 மே 16 அன்று லண்டனில் 22 மாடி ரோனன் பாயிண்ட் கட்டடத்தின் 18ஆம் மாடியில் எரிவாயு வெடித்து ஒரு சுவர்ப்பலகை பிதுங்கியதும், அந்த மூலை முழுவதும் சீட்டுக்கட்டாகச் சரிந்தது. நான்கு பேர் இறந்தனர். சுவர்களும் தளங்களும் ஒன்றோடொன்று சரியாகப் பிணைக்கப்படாததே காரணம். சென்னை நிலநடுக்க மண்டலம் மூன்றில் சேர்க்கப்பட்டிருக்கும் நிலையில், எல்லாவற்றையும் ஒன்றாக வார்க்கும் அலுமினிய முறையையே நான் தேர்ந்தெடுப்பேன். உங்கள் ஆமை நல்ல ஆமை.

பதில்: ஏழாம் மாடி, பெருங்குடி

நான் பொறியாளன் அல்லன். இதே முறையில், இதே வேகத்தில் எழும்பிய வீட்டில் நான்கு ஆண்டுகளாகக் குடியிருக்கிறேன். கட்டடம் ஏறும் வேகத்தை நானும் ஒரு காலத்தில் படம் எடுத்து வைத்துக்கொண்டிருந்தேன். 18 தளங்களும் ஆறு மாதத்தில் முடிந்தன. சாவி கைக்கு வர அதற்குப் பிறகு இருபது மாதங்கள் ஆயின. எலும்புக்கூடு வேகமாக ஏறிவிடும். குழாய், மின்கம்பி, குளியலறை நீர்க்கசிவுத் தடுப்பு, லிஃப்ட், தீயணைப்புத் துறைச் சான்று, கட்டட நிறைவுச் சான்று என்று மற்றவை நிதானமாகத்தான் வரும். தளக் கணக்கில் தவணை வைத்திருப்பதன் சூட்சுமம் அங்கேதான்: வேகமாக முடியும் வேலைக்கே பணத்தின் பெரும்பகுதி போய்விடுகிறது. ரெரா எனப்படும் வீட்டுமனை ஒழுங்குமுறைச் சட்டப்படி வாங்குவோர் கட்டும் தொகையில் 70 விழுக்காட்டைத் தனிக் கணக்கில் வைத்து, வேலை முடிந்த விகிதத்துக்கு ஏற்பவே எடுக்க வேண்டும் என்பது ஓரளவு ஆறுதல். காலாண்டுக்கு ஒரு முறை முன்னேற்ற விவரம் ஒழுங்குமுறை ஆணையத்தின் இணையதளத்தில் ஏற்றப்பட வேண்டும். உங்கள் திட்டப் பதிவு எண்ணை வைத்துப் பாருங்கள்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அந்த அலுமினியத் தகடுகளை இருபுறமும் இழுத்துப் பிடிக்கச் சுவரின் ஊடாகப் பட்டைகள் செருகுவார்கள். தகட்டைக் கழற்றிய பிறகு சுவர் முழுக்க ஓட்டைகள் இருக்கும். அவற்றைச் சுருங்காத கலவையால் ஆழமாக அடைக்க வேண்டும். எங்கள் கட்டடத்தில் ஏழு நாள் ஓட்டத்தில் மேலோட்டமாகப் பூசி வண்ணம் அடித்துவிட்டார்கள். குடிவந்த முதல் வடகிழக்குப் பருவமழையில், படுக்கையறையின் கிழக்குச் சுவரில் வரிசையாக, புள்ளிக் கோலம் வைத்தது போல, ஈரப் புள்ளிகள் தோன்றின. இரண்டு மழைக்காலம் கட்டுநர் நிறுவனத்தோடு கடிதப் போக்குவரத்து நடத்தித்தான் சரிசெய்தோம். செங்கல்லைவிடக் கான்கிரீட் சுவரில் வெப்பம் எளிதாக ஊடுருவும் என்பதால் மேற்குப் பார்த்த அறை மே மாதத்தில் இரவு பதினொரு மணிக்கும் சுடும். பிற்பாடு ஒரு சுவிட்சை இடம் மாற்றலாம் என்று சுவரை வெட்டவும் முடியாது, சுவர்தான் தூண். மின்புள்ளிகளை இப்போதே முடிவுசெய்து எழுத்தில் கொடுத்துவிடுங்கள். உங்கள் 14ஆம் தளத்துக்குக் கம்பி கட்டத் தொடங்கிவிட்டால் அந்த வாய்ப்பு போய்விடும்.

நன்மங்கலத்தான்

சனிக்கிழமை முன்கூட்டியே அனுமதி வாங்கிக்கொண்டு, தலைக்கவசம் மாட்டி, மனைவியுடன் சைட்டுக்குப் போய்வந்தேன். 11ஆம் தளத்துக்குக் கம்பி கட்டிக்கொண்டிருந்தார்கள். அதற்குக் கீழே மூன்று தளங்களில் முட்டுகள் நிற்கின்றன. நான்காவதில் காலி செய்துவிட்டு பிளாக் வேலை தொடங்கியிருக்கிறார்கள். கியூப் பரிசோதனைப் பதிவேட்டை (கான்கிரீட்டைச் சிறு கனசதுரங்களாக வார்த்து உடைத்து வலிமை பார்க்கும் கணக்கை) கேட்டேன். பொறியாளர் சற்றுத் தயங்கினாலும் எடுத்துக் காட்டினார். ஒரு தளத்துக்கு ஏறத்தாழ 150 கன மீட்டர், அதற்கு ஆறு மாதிரிகள், மாதிரிக்கு மூன்று கியூப், அச்சு பிரிக்கும் நாளில் உடைத்துப் பார்க்கத் தனியே சில என்று ஒழுங்காகத் தேதியிட்டு எழுதியிருந்தார்கள். மின்புள்ளிப் பட்டியலை மனைவி வரைந்து கையோடு கொடுத்துவிட்டார். பெருங்குடி நண்பர் சொன்ன ஓட்டைகளைப் பற்றிக் கேட்டதற்கு, மழைக்கு முன் அடைத்துத் தண்ணீர் பீய்ச்சிச் சோதிப்போம் என்றார்கள். அதை மின்னஞ்சலில் எழுதித் தரச் சொல்லியிருக்கிறேன், இன்னும் வரவில்லை.

ஜாக்கி முட்டு

முட்டு நிற்கிறது சரி. கையால் ஆட்டிப் பார்த்தீர்களா?

நன்மங்கலத்தான்

பார்த்தேன். முட்டு நிற்பவற்றில் மூன்றாவது தளத்தில் இரண்டு ஆடின. காட்டியதும், பக்கத்தில் நின்ற ஒடிசாத் தம்பி ஒன்றும் பேசாமல் சுத்தியலால் திருகைத் தட்டி இறுக்கிவிட்டு, தானாகவே அந்த வரிசை முழுவதையும் தட்டிக்கொண்டே போனார். பொறியாளர் அதைப் பதிவேட்டில் குறித்துக்கொண்டார். அந்தத் தளத்துக்கான தவணையைத் திங்களன்று விடுவிக்கச் சொல்லிவிட்டேன்.